ஈயக் குண்டும் வீட்டு நீதியும்

தனக்கு வரும் தீங்கைத் தானே விரும்பி ஏற்றுக்கொள்ளும் உரிமை மனிதனுக்கு உண்டா என்னும் கேள்வி மிகப் பழையது. கள்ளைப் பற்றியும் சுருட்டைப் பற்றியும் நம்மவரிடையே இக்கேள்வி பன்முறை எழுந்து, பலவிதமான விடைகளையும் பெற்றிருக்கின்றது. இன்று நாம் எடுத்துக்கொண்ட விஷயம் அவற்றினும் சிறியதாகத் தோன்றும். தூண்டிலில் கட்டும் ஈயக் குண்டைக் கடையில் வாங்காது வீட்டிலேயே உருக்கி வார்த்துக்கொள்ளும் வழக்கமே அது. இதற்கும் ஒரு கட்டுரையா என்று நகைப்போர் சற்றே பொறுத்துப் படிப்பாராக. பெரிய அநீதிகளைக் கண்டு கொதிக்க நாம் கற்றுக்கொண்டோம். நம் வீட்டுப் பின்கட்டில் நம் கையாலேயே நடக்கும் அநீதியை அநீதியென்று அறியும் கண் நமக்கு இன்னும் திறக்கவில்லை என்பதே நம் அபிப்பிராயம்.

காப்பார், கிள்ளானுக்கு வடக்கே மலாக்கா நீரிணையை ஒட்டியுள்ள ஊர். கரையெங்கும் சேறு, சேற்றைப் பற்றி நிற்கும் பாக்காவ் மரங்கள், அவற்றினூடே கடலுக்கு ஓடும் சிற்றாறுகள். உள்நிலத்தில் முன்னாளில் ரப்பரும் பின்னாளில் செம்பனையும் ஆண்ட தோட்டங்கள். ஆறு நாள் உழைத்தவனுக்கு ஏழாம் நாளில் ஒரு தூண்டிற்கோலும் ஓர் ஆற்று முகமும் கிடைத்தால் அதைவிடக் குறைந்த செலவில் வேறு இன்பம் ஏது? கள்ளுக்கடையில் கரையும் பொழுது கரையோரத்தில் கழியுமாயின் அதைச் சீர்திருத்தம் என்றே நாம் வரவேற்போம். ஆனால் பாக்காவ் வேர் பொல்லாதது. சேற்றினுள் விரல்களைப் போல் ஊன்றிக்கொண்டு, எறிகின்ற தூண்டிலையெல்லாம் பிடித்து வைத்துக்கொள்ளும். சியாக்காப் என்று இந்நாட்டிலும், கொடுவா என்று தமிழ்நாட்டிலும் வழங்கும் மீன் அவ்வேர்களின் நிழலில்தான் பதுங்கும். ஆகவே மீனை விரும்புகிறவன் குண்டை இழக்கத் துணிந்தாக வேண்டும். காலையில் பையில் இருந்த குண்டுகளில் பாதி மாலையில் சேற்றுக்குள் போயிருக்கும். ஒவ்வொன்றையும் காசு கொடுத்து வாங்குவானேன் என்ற எண்ணம் இங்கேதான் பிறக்கின்றது.

வார்க்கும் முறை எளிது. வண்டிச் சக்கரங்களைச் சமன் செய்யப் பட்டறைகளில் பொருத்தும் எடைத்துண்டுகளில் கழிக்கப்பட்டவை, பழைய ஈயத்தகடு, அறுந்த வலையின் மணிகள் ஆகியவற்றை ஒரு தகரக் குவளையிலோ இரும்புக் கரண்டியிலோ இட்டு அடுப்பில் வைப்பர். ஈயம் 327 பாகைச் சூட்டில் உருகிவிடும். இரும்பைப் போல் உலைக்களம் வேண்டியதில்லை. மேலே படரும் சாம்பல் நிறக் கசடை வழித்தெறிவர். இரு பாதிகளாகத் திறக்கும் அச்சின் உட்புறத்தில் மெழுகுவர்த்திப் புகையைப் பிடித்து, தூண்டில் முள்ளை நடுவே கிடத்தி, மூடி, ஈயத்தை ஊற்றுவர். சில நொடிகளில் இறுகிவிடும். திறந்தால் முள்ளின் கழுத்தில் ஒரு தலை முளைத்திருக்கும். இதைத்தான் தூண்டிற்காரர் ‘ஜிக் ஹெட்’ என்பர். அதன்பின் ஒரு ரப்பர் மீனைக் கோத்து அடிநீரில் துள்ளத் துள்ள இழுத்தால் கொடுவா ஏமாறும். வார்த்த தலையின் ஓரத்துப் பிசிறை அரத்தால் தேய்த்து, வாலைக் குறட்டால் கிள்ளி, வண்ணம் பூசிக் கண்ணும் எழுதுவர்.

இவ்வேலையிலுள்ள மகிழ்ச்சியைக் குறைத்துச் சொல்ல நமக்கு மனமில்லை. நாள் முழுதும் பிறனுக்காக உழைக்கும் கை, மாலையில் தனக்கென ஒரு பொருளைச் செய்து பார்க்கின்றது. திரவமாய் ஓடியது திடமாய்ப் பளபளத்து உள்ளங்கையில் கனக்கின்றது. நண்பனுக்குப் பத்து எடுத்துக் கொடுக்கலாம்; அவன் அதனால் மீன் பிடித்தான் என்று கேட்டு மகிழலாம். தன்கையே தனக்குதவி என்னும் கொள்கைக்கு இதைவிடக் கண்கூடான பாடம் வேறில்லை. ஆகவே இதைச் செய்வோரை அறிவிலிகள் என்று ஏசுவது நம் நோக்கமன்று.

நிற்க. ஈயம் என்ற பெயரிலேயே ஒரு குழப்பம் ஒளிந்திருக்கின்றது. தமிழர் வெள்ளீயம் என்றும் காரீயம் என்றும் இரண்டைப் பிரித்தறிந்தனர். மலாய்க்காரரும் முன்னதைத் ‘தீமா’ என்றும், பின்னதைக் கருமை சேர்த்துத் ‘தீமா ஹீத்தாம்’ என்றும் அழைக்கின்றனர். இரு மொழியாரும் தனித்தனியே ஒரே அடையாளத்தைக் கண்டது வியப்பே. வெள்ளீயம் இந்நாட்டின் செல்வம். 1857ஆம் ஆண்டில் கிள்ளான் ஆற்றின் வழியே வந்த சுரங்கத் தொழிலாளர் அதைத் தேடி அம்பாங்கில் தோண்டியதாலேயே கோலாலம்பூர் பிறந்தது. நம் பாட்டிமார் ரசம் வைக்கும் ஈயச் சொம்பும், பித்தளைப் பாத்திரத்திற்குப் பூசும் ஈயமும் முறைப்படி வெள்ளீயமே. காரீயம் முற்றிலும் வேறான உலோகம், அது நஞ்சு. பேச்சில் இரண்டையும் ‘ஈயம்’ என்ற ஒரே சொல்லில் அடக்கிவிட்டதனால், சமையலறைப் பொருள்தானே என்ற துணிவு தூண்டிற் குண்டின் மேலும் ஏறிக்கொண்டது. ஒரு பெயரின் நற்சான்றை வேறொரு பொருள் களவாடிக்கொள்ளும் இம்மோசடி சமுதாயத்தில் வேறு பல துறைகளிலும் நடப்பதுதான்.

காரீயத்தின் நஞ்சை உலகம் நேற்றுக் கண்டுபிடிக்கவில்லை. ஏறக்குறைய 2000 ஆண்டுகளுக்கு முன் வித்ருவியஸ் என்னும் ரோமானியச் சிற்பி, ஈயத் தொழிலாளரின் வெளிறிய முகங்களைச் சுட்டிக்காட்டி, குடிநீருக்கு ஈயக் குழாயைவிட மண்குழாயே நலம் என்று எழுதினார். அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் பிராங்கிளின் 1724இல் லண்டன் அச்சகமொன்றில் கூலியாளாக இருந்தபோது, ஈய எழுத்துக்களை நெருப்பருகே வைத்துச் சூடாக்கிக் கையாளும் வழக்கத்தை மேற்கொண்டார். வயது முதிர்ந்த தொழிலாளி ஒருவர், இப்படிச் செய்தால் கைகள் செயலிழக்கக்கூடும் என்று எச்சரித்தாராம். 1786இல் எழுதிய ஒரு கடிதத்தில் பிராங்கிளின் இதை நினைவுகூர்ந்து, பயனுள்ள உண்மையொன்று தெரிந்த பின்னும் உலகம் அதை ஏற்க எவ்வளவு காலம் பிடிக்கின்றது என்று வருந்தியிருக்கின்றார். அந்நாளில் பத்திரிகைகளின் ஒவ்வோர் எழுத்தும் காரீயக் கலவையில் வார்க்கப்பட்டதே என்பதையும் சொல்லிவைக்கிறோம். நம் சீர்திருத்தப் பத்திரிகைகளின் அறிவு வெளிச்சமும் எழுத்துக் கோப்போரின் விரல்நுனி வழியாகவே நம்மை வந்தடைந்தது.

இனி, நஞ்சு எவ்வழியாக வருகின்றது என்பதை ஆராய்வோம். பெரும்பாலோர் புகைக்கு அஞ்சுகின்றனர்; சன்னலைத் திறந்துவிட்டால் கடமை தீர்ந்தது என்று எண்ணுகின்றனர். உண்மை இதற்குச் சற்று மாறானது. ஈயம் உருகும் அளவுச் சூட்டில் எழும் ஆவி சொற்பம். சூடு ஏற ஏறத்தான் அது மிகும். சூட்டை அளக்கும் கருவி இல்லாத சமையல் அடுப்பில் அந்த எல்லை மீறப்படுவது எளிது என்பது ஒருபுறம் இருக்கட்டும். வீட்டிற்குள் பெருந்தீங்கு செய்வது தூளே. வழித்தெறிந்த கசடு மாவாய் உதிர்கின்றது. அரத்தால் தேய்த்த பிசிறு தரையில் வீழ்கின்றது. அது கையில் ஒட்டி, சோற்றோடும் சுருட்டோடும் வாய்க்குச் செல்கின்றது. சட்டையில் ஒட்டிச் சலவைக்குச் செல்கின்றது. காலில் ஒட்டிப் பாயை அடைகின்றது. அதற்கு மணமில்லை, எரிச்சலில்லை. சன்னல் வழியே புகை போகலாம், தூள் போகாது. வீட்டின் தரையை வாழிடமாகக் கொண்டவர் யார்? தவழும் குழந்தை. அத்தரையைப் பெருக்குகிறவள் யார்? தாய். குண்டு வார்த்தவனோ மாலையில் கைகழுவிவிட்டு ஆற்றங்கரைக்குப் போய்விடுகிறான்!

உலக சுகாதார நிறுவனம், தீங்கற்றது என்று சொல்லத்தக்க ஈய அளவு எதுவும் அறியப்படவில்லை என்று கூறுகின்றது. ஒரே அளவு ஈயம் வாய்வழிச் சென்றால், சிறு குழந்தையின் உடல் பெரியவர் உடலைவிட 4, 5 மடங்கு மிகுதியாக உறிஞ்சிக்கொள்ளும். இரத்தத்தில் அது சில வாரங்களே நிற்கும். ஆனால் எலும்பில் புகுந்துவிட்டால் பல்லாண்டுகள் தங்கும். பெண் கருவுற்ற காலத்தில் எலும்பினின்றும் வெளிப்பட்டு வயிற்றுக் குழந்தையைச் சென்றடையும். அதாவது, சிறுமியாக இருந்தபோது தந்தையின் பட்டறைத் தூளை விழுங்கியவளின் உடலிலிருந்து, பின்னாளில் அவள் ஈன்றெடுக்கும் பிள்ளைக்கும் அந்தப் பங்கு போய்ச் சேரலாம். நம் சொத்துச் சட்டங்களில் பெண்ணுக்குப் பங்கு மறுத்தவர்களும் இந்தப் பங்கை மறுக்க முடியாது.

இவற்றைக் கேட்டவுடன் எழும் முதல் ஆட்சேபம், “என் உடல், என் விருப்பம், வருவது எனக்குத்தானே?” என்பது. தனியே வாழ்கிறவன், தனியான ஓரிடத்தில், அறிந்தே செய்வானாயின் அவனைத் தடுக்க நமக்குப் பெரிய நியாயமில்லை. ஆனால் வீடு தனியுடைமை அன்று. அங்கே ஐந்தாறு உயிர்கள் ஒரே காற்றையும் ஒரே தரையையும் பங்கிட்டுக்கொள்கின்றன. இசைவு கொடுக்கும் அறிவு வந்தவர் இசைந்தாரா என்று முதலில் கேட்க வேண்டும். இசைவு கொடுக்க இயலாத குழந்தையின் பொருட்டு யார் கேட்பது என்று பிறகு கேட்க வேண்டும். தோட்டத் தோழர்களுக்கு இந்த நியாயத்தை நாம் கற்பிக்க வேண்டியதில்லை. களைகளை எரிக்கும் ‘பாராகுவாட்’ மருந்தை முதுகில் சுமந்து, போதிய கையுறையும் முகமூடியும் இன்றி நம் பெண்கள் தெளித்த காலத்தில், “கூலி வாங்குகிறாள், விருப்பப்பட்டே செய்கிறாள்” என்று சொன்ன முதலாளிமாருக்கு நம்மவர் என்ன விடை கூறினர்? வறுமையால் இசைவது இசைவாகாது என்றனர். எதை ஏற்கிறாள் என்று சொல்லாமல் வாங்கிய சம்மதம் சம்மதமன்று என்றனர். 2002இல் அரசு அம்மருந்துக்குத் தடை விதித்தது, 2006இல் தளர்த்தியது, இறுதியாக 2020 சனவரி முதல் நாளில் அது இந்நாட்டில் முற்றும் விலக்கப்பட்டது. நல்லது. முதலாளியிடம் கேட்ட அதே கேள்வியை, சமையற்கட்டில் ஈயம் காய்ச்சும் குடும்பத் தலைவனிடம் கேட்டால் மட்டும் முகம் சிவப்பானேன்? அங்கே கூலியாவது கிடைத்தது. இங்கே மனைவிக்கும் மகவுக்கும் அதுவும் இல்லை.

இரண்டாவது ஆட்சேபம் நம் பழைய நண்பன்: “என் தாத்தா காலந்தொட்டுச் செய்கிறோம், ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை” என்பது. எத்தனையோ மூடப்பழக்கங்களின் வாயிலில் இதே காவற்காரன் நிற்பதை நாம் கண்டிருக்கிறோம். ஒன்றும் ஆகவில்லை என்று எப்படித் தெரியும்? காரீயம் காலராவைப் போல் வந்து கதவைத் தட்டுவதில்லை. குறைந்த அளவில் அது குழந்தையின் மூளை வளர்ச்சியைத் தாக்குகின்றது, அறிவுத்திறன் சற்றுக் குறைகின்றது, கவனம் நிலைப்பதில்லை, சினம் மிகுகின்றது. இவற்றுக்கு வீட்டில் நோய் என்ற பெயர் கிடைப்பதில்லை. வகுப்பில் ஆசிரியர் ‘மந்தம்’ என்கிறார். தந்தை ‘சோம்பேறி’ என்று பிரம்பெடுக்கிறார். பாட்டி ‘தலையெழுத்து’ என்று பெருமூச்சு விடுகிறாள். படிப்பில் பின்தங்கும் குழந்தைக்கெல்லாம் ஈயமே காரணம் என்று நாம் சொல்லவில்லை. பசியும், வறுமையும், கவனிப்பாரற்ற பள்ளியும் போதிய காரணங்களாக முன்னிற்கின்றன. ஆனால் தோட்டத்துப் பிள்ளை ஏற்கெனவே இத்தனை சுமைகளோடு ஓடுகிறது. அதன் காலில் இன்னொரு குண்டைக் கட்டிவிட்டு, அந்தக் குண்டையும் நாமே வார்த்துவிட்டு, பழியை விதியின் மேல் போடுவது எந்த நியாயம்?

ஒன்றும் ஆகாது என்போர் மேற்கு ஆப்பிரிக்காவிலுள்ள செனகல் நாட்டின் கதையை அறிய வேண்டும். டாக்கார் நகரை அடுத்துத் தியாரோய்-சூர்-மேர் என்ற கடற்கரை ஊர் இருக்கின்றது. அவ்வூர்க் கொல்லர்கள் பல்லாண்டுகளாகப் பழைய மோட்டார் பாட்டரிகளை உடைத்து, அவற்றின் ஈயத்தை உருக்கி, மீன்வலைகளுக்குக் குண்டு வார்த்து வந்தனர். சிந்தியதும் சிதறியதும் மணலில் கலந்து கிடந்தன. உலகச் சந்தையில் ஈய விலை ஏறியபோது வணிகர் வந்தனர். அம்மணலிலுள்ள ஈயத்துக்கும் விலை உண்டு என்றனர். ஏழைப் பெண்கள் மணலை மூட்டைகட்டி வீட்டுக்குக் கொண்டுவந்து முற்றத்தில் சலித்தனர். பிள்ளைகள் அருகே விளையாடின. 2007 நவம்பர் முதல் 2008 மார்ச் வரையிலான ஐந்தே மாதங்களில் 18 குழந்தைகள் மாண்டன. மாண்டவற்றின் உடன்பிறந்தாரையும் தாய்மாரையும் சோதித்தபோது அவர்தம் இரத்தத்திலும் ஈயம் மிகுந்திருந்தது. அத்தாய்மார் பிள்ளைகளை நேசிக்கவில்லையா? பிள்ளைகளின் உணவுக்காகவே அந்த மணலைச் சலித்தனர். மீனவர் ஊர், வலைக்குண்டு, வீட்டு முற்றம், நான்கு காசு என்ற ஆசை: இவற்றில் நமக்கு அந்நியமானது எது? அளவில் வேறுபாடு உண்டு என்பதை மறைக்கவில்லை. மாதம் ஒருமுறை இருபது குண்டு வார்ப்பவன் வீட்டில் பிணம் விழும் என்று அச்சுறுத்துவது பொய்யுரையாகும். அங்கே கண்ணுக்குத் தெரிந்த தீங்கு, இங்கே தெரியாத அளவில் நேரலாம் என்பதே நாம் சொல்வது. கண்ணுக்குத் தெரியாத சிறு தீங்கைச் செய்ய உரிமையுண்டு என்று எந்த அற நூலை வைத்து வாதிப்பது?

அரசாங்கங்கள் எதைக் கண்டு விழித்தன என்பதும் கவனிக்கத்தக்கது. இங்கிலாந்தில் தூண்டிற்காரர் விட்டுச்சென்ற சிறு ஈயமணிகளைக் கூழாங்கல்லென்று விழுங்கி அன்னப்பறவைகள் பெருவாரியாக மாண்டன. அதனால் 1987 சனவரி முதல் 28 கிராமுக்குட்பட்ட ஈயத் தூண்டிற்குண்டுகளில் மிகப் பெரும்பாலானவற்றின் விற்பனை அங்கே தடுக்கப்பட்டது. டென்மார்க்கும் பின்னர் ஈயத் தூண்டிற்பொருள்களைத் தடை செய்தது. அன்னங்கள் மீது அந்நாட்டு முடியரசுக்குப் பழைய உரிமை ஒன்று உண்டு. அரசரின் பறவைக்காகச் சட்டம் விரைந்ததோ என்று குறும்பாகக் கேட்கத் தோன்றுகின்றது. எவ்வாறாயினும் பறவைக்கு இரங்கியது நன்றே. காப்பார்ச் சேற்றுவெளிக்கும் ஆண்டுதோறும் வடதிசைக் குளிருக்குத் தப்பிப் பறவைகள் பறந்து வருகின்றன. அவை சேற்றைக் கிளறித் தின்பவை. ஆனால் சட்டம் கடையையும் ஆற்றையும் காவல் செய்யலாம். நம் வீட்டு அடுப்படிக்கு வந்து எட்டிப் பார்க்காது. அங்கே சட்டமும் போலீசும் நாமே.

மூன்றாவது ஆட்சேபம் உண்மையிலேயே மதிக்கத்தக்கது: “ஏழை என் செய்வான்?” கடையில் விற்கும் டங்ஸ்டன் குண்டு ஈயத்தினும் கனமானது; விலையும் அவ்வாறே. தொழிலாளியை நோக்கி, நஞ்சில்லாததை வாங்கு என்று உபதேசிப்பது எளிது. எனினும் வழியில்லாமலில்லை. வேரில் சிக்கி இழந்தே தீரவேண்டிய இடத்தில் கழிந்த இரும்பு மரைகளும், பழைய மோட்டாரின் ‘ஸ்பார்க் பிளக்’குகளும் குண்டாகப் பயன்படும், பட்டறையில் கேட்டால் கிடைக்கும். நம் முன்னோர் வலையில் கட்டியது சுட்ட மண்குண்டு. வார்க்கும் இன்பத்தையே விடமாட்டேன் என்பவனுக்கு இந்நாட்டின் வெள்ளீயமே இருக்கின்றது. அது 232 பாகையில் உருகும். அதே அச்சில் வார்க்கலாம். ஈயத்தைவிட மூன்றிலொரு பங்கு எடை குறையும், விலை கூடும். சற்றுப் பெரிய தலையாக வார்த்து, அதை வேரில்லாத வெளிநீருக்கு வைத்துக்கொண்டால் நட்டம் குறையும். இத்தனைக்கும் பிறகு மீன் ஒன்று குறைந்தால் குறையட்டுமே!

நம் தீர்ப்பு இதுதான்: ஐந்தாறு வயதுக்குட்பட்ட குழந்தையோ கருவுற்ற பெண்ணோ உள்ள வீட்டில் காரீயம் உருக்குதல் கூடவே கூடாது. மற்றவிடத்தில் செய்தே தீருவோர் வீட்டுக்குப் புறம்பே, காற்றோட்டமான தனியிடத்தில், அதற்கென்றே ஒதுக்கிய பாத்திரத்திலும் உடையிலும் செய்க. பாட்டரி ஈயத்தைத் தொடவே வேண்டாம். அதில் அமிலமும் வேறு நஞ்சுகளும் கலந்திருக்கும். ஈரமான எதையும் உருகிய ஈயத்தில் இடலாகாது. ஒரு துளி நீரும் ஆவியாகி வெடித்துக் கண்ணிலும் முகத்திலும் ஈயத்தை அள்ளி வீசும். சிறு மணிகளைப் பல்லால் கடித்து நூலில் பொருத்தும் பழக்கத்தை இன்றே விடுக. கையைச் சவுக்காரமிட்டுக் கழுவாமல் உண்ணற்க, புகையற்க. இவற்றைத் தெரிந்தவர் தெரியாதவருக்கு ஆற்றங்கரையிலேயே சொல்லுக. லண்டன் அச்சகத்து முதியவர் பிராங்கிளினிடம் அதைத்தான் செய்தார். அதற்கு அவருக்கு மேடையும் தேவைப்படவில்லை, பத்திரிகையும் தேவைப்படவில்லை.

இதுவரை வீட்டில் வார்த்து வந்தவர் தம் பிள்ளைகளைக் குறித்து ஐயுறுவாராயின் மருத்துவரிடம் அதை வெளிப்படையாகச் சொல்லி, இரத்தத்தில் ஈய அளவைச் சோதிக்கும்படி கேட்கலாம். கேளாமல் அச்சோதனை சாதாரணமாக நடப்பதில்லை. பரணில் மிச்சமிருக்கும் ஈயக்கட்டியைச் சாக்கடையிலோ தோட்டத்து மண்ணிலோ போடாமல், மூடிய டப்பாவிலிட்டுப் பழைய உலோகம் வாங்குவோரிடம் கொடுத்துவிடுக. கட்டி இருந்த பரணையும் வேலை செய்த தரையையும் துடைப்பத்தால் பெருக்கக்கூடாது. பெருக்கினால் தூள் பறந்து வேறிடத்தில் படியும். ஈரத்துணியால் இரண்டு மூன்று முறை துடைத்து, அத்துணியை அலசி மீண்டும் எடுக்காமல் கட்டி எறிந்துவிட வேண்டும். அந்த வேலையை வீட்டுப் பெண்களிடம் விடாமல், வார்த்தவரே செய்வாராக.